முன்பின் தெரியாதவர்களைப் பொது இடத்தில் படம் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். ஆட்கள் பக்கம் கேமராவைத் திருப்பினாலே கை உதறுகிறது, தூரத்திலிருந்து எடுக்க 200 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா, யாராவது சண்டைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது. லென்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள்.

பறவைகளையும் விளையாட்டுப் போட்டியையும் எடுப்பதற்கு அது அருமையான லென்ஸ். தெருவில் ஆட்களை எடுக்க அது சரிப்படாது. ஆறேழு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் முகம் பெரிதாக வரும், ஆனால் அவர் எங்கே நிற்கிறார், பக்கத்தில் யார், கையில் என்ன என்பதெல்லாம் போய்விடும். பின்னணி கரைந்து, யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் படம் போல மிஞ்சும். அதைவிடப் பெரிய சிக்கல், நீள லென்ஸோடு தூண் மறைவில் நிற்கும் ஆளைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம்தான் வரும். 28 அல்லது 35 மி.மீ. அகலக் கோண லென்ஸோடு இரண்டு மீட்டரில் வெளிப்படையாக நிற்பவரைப் பெரும்பாலானோர் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒளிந்து எடுக்கும் ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல, பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர்களுக்கும் வந்திருக்கிறது. பால் ஸ்ட்ராண்ட் 1910களில் நியூயார்க் தெருக்களில் படம் எடுக்கும்போது கேமராவின் பக்கவாட்டில் ஒரு போலி லென்ஸைப் பொருத்திக்கொண்டார். போலி ஒரு பக்கம் பார்க்கும், நிஜ லென்ஸ் வேறு பக்கம் எடுக்கும். ஹெலன் லெவிட், தான் ஒரு திசையில் நிற்க, பக்கவாட்டில் இருப்பவரை எடுக்க உதவும் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளை) லைக்கா என்ற சிறிய கேமராவில் மாட்டிக்கொண்டார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்தார். வாக்கர் எவன்ஸ் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை வைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்க, ஷட்டரை இயக்கும் கம்பியைக் கோட்டுக் கைக்குள் விட்டு எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார்.

இவ்வளவு பெரியவர்களே கூசியிருக்கிறார்கள் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். அதற்கு எவன்ஸ் கொடுத்த விலையையும் பாருங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்க வழியில்லை. வெளிச்சமும் ஃபிரேமும் (படத்துக்குள் எது விழுகிறது என்பதும்) அவர் கையில் இல்லை. எடுத்த படங்களை உடனே வெளியிடவும் மனம் வரவில்லை; அவை தொகுப்பாக வந்தது 1966இல்தான்.

என் அனுபவத்தில், கூச்சம் என்று நாம் சொல்வதற்குள் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. ஒன்று, ‘என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ’ என்பது. மற்றது, ‘இவரை இந்த நிலையில் எடுப்பது முறையா’ என்பது. முதலாவது நம்மைப் பற்றிய கவலை, அது பழகப் பழகத் தேய்ந்துவிடும். இரண்டாவது தேயக்கூடாது. கூச்சத்தை மொத்தமாக உதறிவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறியச் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடித்து, ஆள் திடுக்கிடுவதையே படமாக்குகிற பாணியும் இருக்கிறது. புகழ்பெற்ற ஆட்களே செய்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது.

முதல் கவலைக்கு வருவோம். கை உதறுவதற்குப் பாதிக் காரணம், அந்த நொடியில் செய்ய வேண்டிய வேலைகள் அதிகம் என்பதே. ஃபோகஸ், வெளிச்சம், ஃபிரேம், எதிரே இருப்பவரின் பார்வை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளித்தால் யாருக்குத்தான் பதறாது? முதல் இரண்டையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடித்துவிடுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் (பெரிய சென்சார் உள்ளது) 28 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் துளையின் அளவு எஃப்/8, ஃபோகஸை 2.5 மீட்டரில் கையால் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு) ஆட்டோவில் விடுங்கள். இனி கேமராவை உயர்த்துவதும் அழுத்துவதும்தான் வேலை. உயர்த்தியபடியே ஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடியில்தான் எதிரே இருப்பவர் முகம் சுருங்கும், நமக்கும் வியர்க்கும். அலைபேசியில் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, சிறிய சென்சார் என்பதால் அகலக் கோண லென்ஸில் பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழுந்துவிடும்.

ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் ‘பீப்’ ஒலியையும் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் ஒருவர் கண்ணில் அந்த விளக்கு போய் அடித்தால் சுமுகமாக முடிய வேண்டியதும் கெட்டுவிடும்.

அடுத்தது, ஆட்களைத் துரத்தாதீர்கள். நல்ல வெளிச்சம் விழுகிற ஒரு சுவர், ஒரு படிக்கட்டு, சாலையைக் கடக்கும் ஒரு முனை, ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்து அரைமணி நேரம் நில்லுங்கள். கேமரா வெளியே தெரியும்படி கையில் இருக்கட்டும். நாம் போய் ஒருவர் முன் நின்றால் அவர் இடத்துக்குள் நாம் நுழைகிறோம். ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு அவராக வந்தால், அந்த இடத்தில் இருக்கும் பொருட்களோடு நாமும் ஒரு பொருளாகிவிடுகிறோம். எடுத்து முடித்ததும் அவரைத் தாண்டி வேறெதையோ எடுத்ததுபோலப் பாவனை செய்யும் ஒரு தந்திரத்தைப் பலர் சொல்லித்தருவார்கள். வேண்டாம். கண்ணோடு கண் பட்டால் சிரித்துத் தலையசையுங்கள். நெரிசலான நடைபாதையில் 28 மி.மீ. லென்ஸோடு மிக அருகில் போய் எடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் அப்படித்தான் சிரித்துத் தலையசைத்தபடி எடுப்பாராம்.

கேட்டுவிட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா என்று ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. கூச்சம் உள்ளவர்கள் கேட்டு எடுப்பதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. வாய் திறந்து கேட்பதுதான் பெரிய தடை, அதைத் தாண்டிவிட்டால் மற்றது எளிது. சும்மா நிற்பவரைவிட ஏதாவது வேலையில் இருப்பவரிடம் கேளுங்கள், கேட்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். “அண்ணே, நீங்க இதைச் செய்யற விதம் நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” அவ்வளவுதான். ‘நான் ஒரு போட்டோகிராபர், ஒரு புராஜெக்ட் பண்றேன்’ என்று நீட்டி முழக்கினால் எதையோ விற்க வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள்.

கேட்டால் ஆள் விறைத்துவிடுவாரே என்பீர்கள். விறைக்கட்டும். நடைபாதையில் குடை பழுதுபார்க்கும் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். சரி என்றவர் கையிலிருந்த குடையைக் கீழே வைத்தார், மேல் பொத்தானைப் போட்டார், தலையைத் தடவிக்கொண்டார், அடையாள அட்டைக்கு உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அதையும் எடுத்துக் காட்டினேன். அது அவருக்கான படம், அதை மறுப்பது மரியாதையில்லை. பிறகு, “நீங்க வேலையைப் பாருங்கண்ணே, நான் கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கம்பி எப்படி முறிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குடையைக் கவிழ்த்து மடியில் வைத்து, துணியின் முனையைக் கம்பியோடு சேர்த்துத் தைக்க ஊசியில் நூல் கோத்தார். ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியை உதட்டு ஓரத்தில் துருத்திக்கொண்டு, மூன்றாம் முறை நூல் நுழைந்தது. எனக்கு வேண்டிய படம் அதுதான். அனுமதி வாங்கியதால்தான் அவ்வளவு அருகில் அவ்வளவு நேரம் நிற்க முடிந்தது. ஒளிந்து எடுத்திருந்தால் நாக்கு நுனி எங்கே தெரியப்போகிறது?

‘வேண்டாம்’ என்றால், “சரிங்க, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள், கெஞ்சாதீர்கள்.

இனி அந்த இரண்டாவது சங்கதி. தூங்குகிறவர், அழுகிறவர், அடிபட்டுக் கிடப்பவர், கையேந்துகிறவர், இவர்களை நான் எடுப்பதில்லை. அவர்களால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது என்பதே காரணம். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்காமல் கேமராவைத் தொடமாட்டேன். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவாகத் தடையில்லை. ஜெர்மனியில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, ஒருவர் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும். ஹங்கேரியில் 2014இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம், எடுப்பதற்கே சம்மதம் கேட்கிறது. வெளிநாடு போகும்போது இதைப் பார்த்துக்கொண்டு போங்கள். இணையத்தில் போடுவது எடுப்பதைவிடப் பெரிய விஷயம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, சண்டை. உண்மையில் அபூர்வம், வருவது பெரும்பாலும் “என்னை எதுக்கு எடுத்தீங்க?” என்ற கேள்விதான். அதற்கு ஓடாதீர்கள், கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். இரண்டு அடி முன்னால் போய், திரையை அவர் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டி, எது பிடித்து எடுத்தீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்: “பின்னாடி அந்த மஞ்சள் கதவும் உங்க சிவப்புச் சட்டையும் சேர்ந்து நல்லா இருந்துச்சு.” பலர் அதோடு தணிந்துவிடுவார்கள், சிலர் ‘எனக்கு அனுப்புங்க’ என்று எண்ணும் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். உரிமை அது இது என்று சட்டம் பேசாதீர்கள், எந்தப் படமும் அந்த வாக்குவாதத்துக்குப் பெறாது. அலைபேசி என்றால், அழித்த படம் ‘சமீபத்தில் அழித்தவை’ பகுதியில் சில வாரங்கள் கிடக்கும். விவரம் தெரிந்தவர் அதையும் கேட்பார். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அங்கே போய் அதையும் அழித்துக் காட்டிவிடுங்கள்.