கியர் இண்டிகேட்டர் செய்ய லீவரை எண்ணினால் போதுமா?

கேள்வி: என்னிடம் பழைய பல்சர் 150 இருக்கிறது, 5 கியர். ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) வைத்து, வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்று காட்டும் கியர் இண்டிகேட்டரை நானே செய்ய ஆசை. கியர் லீவருக்கு மேலும் கீழும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்து, மேலே போனால் ஒன்று கூட்டி, கீழே போனால் ஒன்று கழித்தால் சரிவருமா?

பதில்: வராது. லீவரை மிதித்தும் சில நேரம் கியர் விழாது. சுவிட்ச் மட்டும் எண்ணிக்கொள்ளும். அப்படி ஒருமுறை தப்பினால், அதற்குப் பிறகு தப்பாகவே காட்டும். தவறான எண்ணைக் காட்டும் கருவிக்கு, கருவியே இல்லாதது மேல்.

எஞ்சின் வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் வகுத்துப் பாருங்கள். கிளட்ச் பிடிக்காதவரை அந்த விகிதம் கியருக்கு ஒன்றாக, மாறாமல் இருக்கும். எஞ்சின் துடிப்பை டாக்கோமீட்டருக்கு (எஞ்சின் சுழல்வேகம் காட்டும் மீட்டர்) போகும் வயரில் இருந்து பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே எல்ஈடி ஒளி மூலம் துடிப்பைக் கடத்தி, இரு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சிப்) வழியாக எடுங்கள். அதன் எல்ஈடி பக்கம் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் மீட்டருக்குச் சுமை ஏறாது. சக்கரத்துக்கு, காந்தம் அருகே வந்தால் துடிப்பு தரும் ஏ3144 ஹால் சென்சார் போதும். 100/90-17 டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர், 20 கி.மீ. வேகத்தில் ஒரே காந்தம் என்றால் நொடிக்கு மூன்று துடிப்புகூட வராது, எண் மெதுவாகத்தான் மாறும். அதனால் நான்கு காந்தங்களைச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். இந்த சென்சார் ஒரு துருவத்தை மட்டுமே உணரும். ஒரு காந்தம் திரும்பி ஒட்டியிருந்தாலும் துடிப்பு குறைந்து கணக்கு கெடும். இரண்டு துடிப்புகளையும் நானோவின் டி2, டி3 பின்களில் கொடுங்கள், துடிப்பு வந்த கணமே நிரலை எழுப்பும் வெளி இன்டரப்ட் வசதி அவற்றில்தான் இருக்கிறது.

நியூட்ரலுக்குக் கணக்கு வேண்டாம். வண்டி நியூட்ரலில் இருக்கும்போது, நியூட்ரல் சுவிட்ச் அந்த விளக்கின் வயரை எர்த் செய்கிறது. மற்ற கியர்களில் அதே வயரில் பல்பு வழியாக 12 வோல்ட் நிற்கும். நேராகக் கொடுத்தால் நானோ போய்விடும். ஒரு 1என்4148 டையோடின் கோடு போட்ட பக்கத்தை வயரிலும் மறுமுனையை நானோவின் ஒரு பின்னிலும் வைத்து, நானோவின் உள் புல்-அப்பை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) நிரலில் இயக்குங்கள்.

இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் சாவது பவர் சப்ளையில்தான். சார்ஜ் ஆகும்போது பைக்கில் 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவே ஸ்பைக் (திடீர் வோல்டேஜ் எகிறல்) வேறு. 1 ஆம்பியர் ஃபியூஸ், ஸ்பைக்கை அடக்கும் பி6கேஇ18ஏ டிவிஎஸ் டையோடு, அப்புறம் வோல்டேஜைக் குறைக்கும், 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்த எல்எம்2596 பக் கன்வெர்ட்டர். இந்த மூன்றில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் இதைச் செய்யும் நண்பர்கள் இருந்தால், ஏபிஎஸ் சென்சார் வயரைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விகிதங்களைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. திறந்த வெளியில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டு, ஒவ்வொரு கியரிலும் சீரியல் மானிட்டரில் (நானோ அனுப்புவதை லேப்டாப்பில் காட்டும் ஜன்னல்) வரும் விகித எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரு எண்களின் நடுவே எல்லை வையுங்கள். தொடர்ந்து நான்கைந்து முறை ஒரே கியர் வந்தால் மட்டும் காட்டச் சொல்லுங்கள். எதோடும் பொருந்தாவிட்டால் கிளட்ச் பிடித்திருக்கிறது என்று பொருள், வெறும் கோடு போதும். சக்கரம் சுழலும்போது லேப்டாப் வயரும் சட்டை நுனியும் செயின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.