பழக்கமில்லாதவர் வெறுங்காலோடு கிரிவலம் போக முடியுமா?

திருவண்ணாமலையைச் சுற்றி 14 கி.மீ. வெறுங்காலோடு நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நிதானமாக நடந்தால் நான்கைந்து மணி நேரம் ஆகும். பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஆளைச் சாய்ப்பது தூரமல்ல, தார்ச்சாலை. வெயில் காலத்தில் காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியாது. இருட்டியும் சூடு உடனே இறங்காது. பொழுது விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

கொப்புளம் வருவது பெரும்பாலும் ஈரக்காலில்தான். ஊறிய தோல் உராய்ந்தால் சீக்கிரம் பிரிந்துவிடும். வழியில் கால் கழுவினால் துடைத்துவிட்டு நடங்கள். செருப்பைக் கோபுர வாசலில் விட்டுவிடாமல் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், பாதியில் தேவைப்படலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கல் குத்தியதே தெரியாது. அவர்கள் செருப்போடு நடப்பதே சரி. அருணாசலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். மலையோரம் சித்தர்கள் நடப்பதாக ஐதீகம் என்பதால் பக்தர்கள் சாலையின் இடப்பக்கமாகவே போவார்கள். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு சன்னதிகள். எல்லாவற்றிலும் வரிசையில் நின்றால் நேரம் இரட்டிப்பாகும், வெளியிலிருந்து கும்பிட்டாலும் போதும்.

பௌர்ணமியன்று கூட்டம் இழுக்கிற வேகம்தான் உங்கள் வேகம். அமைதி வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். கார்த்திகை தீபத்துக்கும் அதே நாளில் முண்டியடிக்கத் தேவையில்லை: மலையுச்சித் தீபம் 11 நாள் எரியும்.