ஷிப்ட் வேலைக்கு நடுவே பட்டப்படிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பினாங்கில் தொலைநிலைக் கல்வித் துறையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இயங்கலை (ஆன்லைன்) படிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

அக்கா, எனக்கு 38 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்ட். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் இரண்டே பாடத்தில்தான் கிரெடிட். இனி டிகிரி படிக்க வழி உண்டா?

உண்டு தம்பி. அதற்குப் பெயர் ஏபெல்-ஏ. வேலை அனுபவத்தையே நுழைவுத் தகுதியாக ஏற்றுக்கொள்ளும் திட்டம், மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் கீழ் நடக்கிறது. இளங்கலைக்கு 21 வயது தாண்டியிருக்க வேண்டும், படிக்கப்போகும் துறையோடு ஒட்டிய அனுபவமும் வேண்டும். ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும், அனுபவத்தைத் தொகுத்து ஒரு கோப்பும் கொடுக்க வேண்டும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது அந்தக் கோப்பில்தான். "15 வருஷம் மெஷின் பார்த்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த மெஷின், அடிக்கடி என்ன பழுது, அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். கம்பெனி அனுப்பிய பயிற்சிச் சான்றிதழ்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றையும் எடுத்து வையுங்கள்.

இயங்கலைப் பட்டத்தை வேலை இடத்தில் மதிப்பார்களா?

படிப்பு எம்கியூஆரில், அதாவது எம்கியூஏ அங்கீகரித்த படிப்புகளின் பதிவேட்டில், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். இல்லையென்றால் கட்டணத்தில் எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். தொலைவிலிருந்து படிப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பினாங்கின் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) 1971இலேயே அதைத் தொடங்கிவிட்டது, இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில்.

மேடம், நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். நிர்வாகம் பெரிய செலவில் புதிய மென்பொருள் வாங்கியது. இரண்டு மணி நேர விரிவுரையைப் பதிவு செய்து ஏற்றச் சொல்கிறார்கள். மாணவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தப்பு யாருடையது?

மாணவர்களைத் திட்டாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒரே முகத்தை நானும் பார்க்க மாட்டேன். வகுப்பறையை அப்படியே காமிராவுக்குள் அடைப்பதைத்தான் பல நிர்வாகங்கள் உருமாற்றம் என்று நினைக்கின்றன. 2020 மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது, ஒரே வாரத்தில் எல்லாம் மாற வேண்டியிருந்தது. இன்னும் அதையே செய்வதை எப்படி ஏற்பது?

பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி, பதில் சொன்னால்தான் அடுத்தது திறக்கும். மூடல் (Moodle) போன்ற கற்றல் தளங்களில் இதற்கு வசதி இருக்கிறது. நேரடி வகுப்பை விளக்கத்துக்குச் செலவழிக்காமல் கணக்குப் போடவும் வாதாடவும் வையுங்கள். அப்புறம், உள்ளே வராதவர்கள் யார் என்று வாரம் ஒரு முறை பாருங்கள். இரண்டு வாரம் எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். என் அனுபவத்தில் படிப்பை விடவிருந்தவர்களை நிறுத்தி வைத்தது அந்தப் போன்தான். எந்த மென்பொருளும் அதைச் செய்ததில்லை.

எல்லோர் வீட்டிலும் இணைய இணைப்பு கிடைக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2020 ஜூனில் சபாவின் பித்தாஸில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தில் ஏறி உட்கார்ந்தது நினைவிருக்கும். ஒலியை மட்டும் தனிக் கோப்பாகக் கொடுங்கள், சிறிய பிடிஎஃப் கொடுங்கள். எல்ஆர்டி ரயிலில் போகும்போதும் கேட்கலாம்.

மகன் அசைன்மெண்ட் எல்லாம் சாட்ஜிபிடியில் செய்கிறான். பிடிபட்டால் என்ன ஆகும்?

முதலில் அந்தப் பாடத்தின் விதியைப் படிக்கச் சொல்லுங்கள். சிலர் அனுமதிக்கிறார்கள், சிலர் அடியோடு தடுக்கிறார்கள். கண்டுபிடிக்கும் கருவிகளை நான் முழுதாக நம்புவதில்லை, சொந்தமாக எழுதியவனையும் அவை மாட்டிவிடும். ஆனால் விரிவுரையாளர் எதிரே உட்கார வைத்து, "இந்தப் பத்தியை விளக்கு" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். நான் அப்படித்தான் கேட்பேன்.

மைக்ரோ கிரெடென்ஷியல் என்று குறுகியகாலப் படிப்புச் சான்றிதழைச் சொல்கிறார்களே, பயன் உண்டா?

அது பின்னால் ஒரு பட்டத்தில் கிரெடிட்டாக, அதாவது முடித்த பாடக் கணக்காக, சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். சேரும் என்றால் நல்லது. சேராது என்றால் பங்கேற்புச் சான்றிதழ் மாதிரிதான்.

பணத்துக்கு?

இபிஎஃப்பின் (ஊழியர் சேமநிதி) அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம், உங்களுக்கும் சரி, பிள்ளைகளுக்கும் சரி. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் இன்னொரு வழி. எடுப்பதற்கு முன் மாதத் தவணையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 52. படிக்க ஆசை, ஆனால் கணினி என்றாலே கை நடுங்குகிறது.

முதல் மாதம்தான் சிரமம் அக்கா. கடவுச்சொல் மறப்பது, கோப்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது, அசைன்மெண்ட்டை ஏற்றத் தெரியாமல் முழிப்பது, பெரும்பாலும் இந்த மூன்றுதான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மவுஸை அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.