டிடிஎஸ் மீட்டரைக் காட்டி சாஃப்ட்னர் விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் சொந்த வீடு, நாலு பேர், முழுக்க போர் தண்ணீர்தான். கீசர் காயில் எரிந்துவிட்டது, குழாய், டைல்ஸ் எல்லாம் வெள்ளை படிகிறது. சாஃப்ட்னர் விற்க வந்தவர் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, "டிடிஎஸ் 1100 இருக்கு, எங்கள் மெஷின் போட்டால் 100-க்கு வந்துவிடும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இவரிடம் வாங்காதீர்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, சாஃப்ட்னர் அதைக் குறைக்கவே குறைக்காது. உள்ளே இருக்கும் ரெசின் என்ற குட்டி மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது, அதனால் வெள்ளை படிவது நிற்கும், சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் மீட்டர் ஏறக்குறைய அதே 1100-ஐத்தான் காட்டும். டிடிஎஸ் குறைய ஆர்ஓ வேண்டும். வீடு முழுக்க ஆர்ஓ போட்டால் தண்ணீர் ஏராளமாக வீணாகும், அது சமையலறையோடு நிற்கட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது டோட்டல் ஹார்ட்னஸ், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து தரும் கடினத்தன்மை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ தனியார் லேபிலோ கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம்.

அப்புறம் கணக்கு. ஹார்ட்னஸ் 500, செலவு நாளைக்கு 500 லிட்டர் என்று வைத்தால் தினமும் 250 கிராம் கடினத்தன்மையை எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் பிடிக்கும், ஆக 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷினுக்கே 5 நாளைக்கு ஒருமுறை உப்பு போட்டு ரெசினைக் கழுவ வேண்டிவரும். அந்த உப்புச் செலவையும் கழுவி வெளியே போகும் தண்ணீரையும் விற்பவர் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை!

அவ்வளவு வேண்டாம் என்றால் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் பாஸ்பேட் கேட்ரிட்ஜ் மாட்டலாம். ஹார்ட்னஸ் அப்படியேதான் இருக்கும், படிவது குறையும். கீசரை 50 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள், சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு அதிகம் படியும். வெள்ளை படியாது என்று சொல்லிக் குழாயில் சுற்றும் காந்தத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சாஃப்ட்னரே போடுவதானால் சமையலறைக் குழாயையும் செடிக்கு விடும் குழாயையும் அதற்கு முன்னாலேயே தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் சோடியம் ஏறிய தண்ணீர் பிபி இருப்பவர்களுக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது. பில்லில் எத்தனை லிட்டர் ரெசின், மெஷினைத் தாண்டி வரும் தண்ணீரின் ஹார்ட்னஸ் எவ்வளவு இருக்கும் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.