சமவாய்ப்புக் கணிதத்தில் பிஎச்.டி.: இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிறேன். நிகழ்தகவில் முனைவர் ஆய்வு செய்ய ஆசை. பெர்லின்–ஆக்ஸ்போர்டு போன்ற கூட்டுத் திட்டங்களைப் பார்த்தேன். ஆனால் ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (சமவாய்ப்பாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்) பாடமே எடுத்ததில்லை. விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஸ்டோகாஸ்டிக் கால்குலஸை ஓராண்டில் பிடித்துவிடலாம். நிகழ்தகவுக்கு அடித்தளமான மெஷர் தியரி (அளவைக் கோட்பாடு) தெரியாமல் போனால்தான் சிரமம். உங்கள் நிலையை நீங்களே சோதிக்க ஒரு கணக்கு தருகிறேன்.

பிரவுனியன் இயக்கத்தை, அதாவது ஒவ்வொரு கணமும் தற்செயலாக அசையும் தொடர்ச்சியான பாதையை, 0 முதல் 1 வரையான நேரத்தில் பாருங்கள். அந்த நேரத்தை 10,000 சம துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் நகர்வு ஏறத்தாழ 1/100 அளவில் இருக்கும். அதன் வர்க்கம் 1/10,000. இந்த வர்க்கங்களை எல்லாம் கூட்டினால் 1-க்குப் பக்கத்தில் வரும். இதையே ஒரு வழவழப்பான வளைகோட்டுக்குச் செய்தால் ஒவ்வொரு நகர்வும் 1/10,000 அளவுதான்; வர்க்கங்களின் கூட்டல் 1/10,000-க்குச் சுருங்கிவிடும், வெட்ட வெட்டப் பூஜ்யத்துக்குப் போகும். பிரவுனியனில் அந்த 1 மறையவே மறையாது. ஜப்பானியக் கணிதவியலாளர் கியோசி இடோவின் சூத்திரத்தில் (வகையீட்டின் சங்கிலி விதிக்கு இங்கே உள்ள வடிவம்) கூடுதலாக ஓர் உறுப்பு வந்து நிற்பது இதனால்தான். எனக்கு இந்தத் துறையின் மொத்த அழகும் இந்த ஓர் இடத்தில் தெரிகிறது.

சரி, இப்போது உங்கள் வேலை: பிரவுனியனில் n துண்டுகளுக்கு அந்த வர்க்கங்களின் கூட்டலின் மாறுபாடு (variance) 2/n என்று நிரூபியுங்கள். பிறகு, அது 1-ஐ நெருங்குகிறது என்றால் எந்தப் பொருளில் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தடுமாறாமல் எழுதினால் நீங்கள் தயார். தடுமாறினால் சார்பின்மை, நிபந்தனை எதிர்பார்ப்பு, மார்டிங்கேல் (நியாயமான சூதாட்டம் போன்ற செயல்முறை) மூன்றையும் ஆறு மாதம் ஊன்றிப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

திட்டங்களின் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறும். பெர்லின்–ஆக்ஸ்போர்டு திட்டம் ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிதியில் 2020-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட சர்வதேச ஆய்வுப் பயிற்சிக் குழுக்களுக்கு அதிகபட்சம் 9 ஆண்டுதான் நிதி கிடைக்கும். அதனால் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மனியில் பொதுவாக எம்.எஸ்சி. முடித்தவர்களை நேரே ஆய்வில் இறக்கிவிடுவார்கள். பிரிட்டனில், ஆக்ஸ்போர்டும் இம்பீரியல் கல்லூரியும் 2019-ல் சேர்ந்து தொடங்கிய பயிற்சி மையம் போன்றவை 4 ஆண்டுத் திட்டங்கள். முதல் ஆண்டில் பாடங்களும் உண்டு. அடித்தளம் கொஞ்சம் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கே அரசு ஆராய்ச்சி நிதியில் வெளிநாட்டவருக்கான இடங்களுக்கு வரம்பு உண்டு. கல்விக் கட்டணம் முழுதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் நாட்டைவிட நெறியாளரும் ஆய்வுக் கேள்வியும்தான் முக்கியம். பெர்லினும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்ததற்குக் கணிதக் காரணம் இருக்கிறது. பின்னர் ஆக்ஸ்போர்டுக்கு வந்த டெர்ரி லயன்ஸ் 1998-ல் முன்வைத்த 'ரஃப் பாத்' கோட்பாட்டை (பிரவுனியன் போன்ற கரடுமுரடான பாதைகள் இயக்கும் சமன்பாடுகளுக்குப் பொருள் தருவது) பெர்லினில் பீட்டர் ஃபிரிஸ் போன்றவர்கள் வளர்த்தார்கள். அதே வேரிலிருந்து கிளைத்த வேலைக்காகத்தான் மார்ட்டின் ஹைரருக்கு 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இந்தக் கேள்விகள் உங்களை இழுத்தால் அங்கே போங்கள். உங்கள் மனம் சமவாய்ப்பு வரைபடங்களிலோ (random graphs) பெர்கொலேஷனிலோ (வலையமைப்பில் தற்செயலாகத் திறக்கும் வழிகள் எப்போது இணைகின்றன என்ற ஆய்வு) இருந்தால் வேறு இடம் தேடுவதே நல்லது.

நெறியாளருக்கு எழுதும்போது "நிகழ்தகவில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றை எடுத்து, "மூன்றாம் பகுதியில் வரும் இந்த நிபந்தனையைத் தளர்த்தினால் நிரூபணம் எங்கே உடையும்?" என்பதுபோல் ஒன்றைக் கேளுங்கள். நாலைந்து வரி போதும். அப்புறம், கூட்டுத் திட்டத்தில் மறுமுனைப் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் தங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும். அங்கே உங்களுக்கு வழிகாட்டப்போகிறவர் யார் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.