குழாய் ஒழுகுது, கதவைத் திறக்க மாட்டேங்கிறார்: வாடகை வீட்டுப் பழுதுகள் – கேள்வி பதில்

வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைச் சென்னையில் வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது என் தொழில். நான் வக்கீல் இல்லை. கோர்ட் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்கள் நேராக வக்கீலைப் பாருங்கள். கீழே நான் "சட்டம்" என்று சொல்வதெல்லாம் 2017-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்து, 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம். பழைய 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை.

வேளச்சேரி: இரண்டாவது மாடியில் என் ஃபிளாட். குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. குடியிருப்பவர் பிளம்பரை உள்ளே விடுவதில்லை. ஒரு வாரம் ஊரில் இல்லை என்கிறார், அடுத்த வாரம் பையனுக்குப் பரீட்சை என்கிறார். கீழ்வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுகிறார். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. திறந்து வேலையை முடித்துவிடலாமா?

சாவி பீரோவிலேயே இருக்கட்டும். பத்திரம் உங்கள் பேரில் இருந்தாலும் வீடு இப்போது அவருடைய அனுபவத்தில் இருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் திறந்தால் அத்துமீறல் புகார் உங்கள் மேல் வரும். "பீரோவில் இருந்த நகையைக் காணோம்" என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், குழாய்ப் பிரச்சினையை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பழுது பார்க்க உள்ளே போக உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்காக வருகிறீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7-க்கும் இரவு 8-க்கும் நடுவில். நான் எப்போதும் இரண்டு நேரம் கொடுத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தானே சொன்ன நேரத்தை மறுக்க யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். கீழ்வீட்டுக் கூரையின் படத்தையும் தேதியோடு இணைத்து அனுப்புங்கள். தீ, வெள்ளம் மாதிரி அவசரத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. சொட்டுவது அந்தக் கணக்கில் வராது. பைப் வெடித்துக் கொட்டினால் வரும் என்று வாதிடலாம். அப்போதும் தனியாகப் போகாதீர்கள். ஃபிளாட் சங்கச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு, வீடியோ எடுத்தபடி போங்கள்.

பிளம்பர் உள்ளே போனதும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, எந்தத் தண்ணீர் கசிகிறது என்பதை. எல்லாக் குழாயையும் மூடி, சில மணி நேரம் யாரும் குளிக்காமல் இருந்தும் சொட்டு நிற்கவில்லையென்றால், பெரும்பாலும் சுவருக்குள் போகும் சப்ளை லைனில் ஓட்டை. குளித்தால் மட்டும் சொட்டினால், தரைத் துளையைச் சுற்றியோ டைல்ஸ் இடுக்கிலோ இறங்குகிறது. சந்தேகம் இருந்தால் தரையில் கொஞ்சம் கலர் கலந்த தண்ணீரை விட்டுப் பாருங்கள், கீழே அதே கலர் வருகிறதா என்று தெரிந்துவிடும். யார் செலவு என்பதும் இதில்தான் இருக்கிறது. பைப் மாற்றுவது, கட்டுமானக் கோளாறு இரண்டும் வீட்டுக்காரர் செலவு. தலைமுடியும் சோப்புத் துண்டும் அடைத்து நின்ற தண்ணீர் என்றால், அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் வேலை.

அதே வேளச்சேரிக்காரர்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதையே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கோபமாக ஒரு வரிகூட வேண்டாம். பிற்பாடு அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று இன்றைக்குத் தெரியாது.

கோயம்புத்தூர்: ஃப்ளஷ் டேங்க், கீசர், இரண்டு ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி, எல்லாம் போயிருக்கிறது. "உங்க வீடு, நீங்கதான் சரிபண்ணணும்" என்கிறார் குடியிருப்பவர். நியாயமா?

நீங்கள் சொன்ன நாலும் சட்டப்படி அவர் பக்கம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தனித்தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு: கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங். குடியிருப்பவருக்கு: குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, கழிவறை, வாஷ் பேசின், கீசர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, கண்ணாடி. அவர் செய்ய மறுத்தால் நீங்களே செய்துவிட்டு, அந்தத் தொகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும் சட்டம் வழி விடுகிறது. பில் வாங்காமல் மட்டும் கழிக்காதீர்கள்.

என் கருத்து ஒன்று. கீசருக்கு வயதாகியிருந்தால், உப்புத் தண்ணீரில் சூடேற்றும் காயில் போயிருந்தால், அதை அவர் தலையில் கட்டாதீர்கள். "கீசர் நான் பார்த்துக்கிறேன், மத்த மூணையும் நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

மதுரை: காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடியிருப்பவர் தரமாட்டேன் என்கிறார்.

வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. ஆனால் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் அட்டவணையில் இருக்கிறது. அதோடு, அந்தப் பொறுப்புகளுக்கு மாறாக ஒப்பந்தம் போட்டிருந்தாலும் செல்லாது என்கிற மாதிரித்தான் சட்டத்தின் வாசகம். அவர் எழுந்து வாதாடினால் உங்கள் பக்கம் பலவீனம்.

புழங்கியதால் வந்த தேய்மானம் வேறு, சேதம் வேறு. வெயில் பட்டு வெளுத்த சுவர், சோபா உரசிய தடம், காலண்டர் ஆணி இரண்டு மூன்று, இதெல்லாம் தேய்மானம். ஏ.சி. தண்ணீர்க் குழாயைச் சுவர் ஓரமாக விட்டு ஓதம் ஏறவைத்தது, கிரானைட் மேடையில் விரிசல், பிள்ளைகள் சுவர் முழுக்க மார்க்கரால் வரைந்தது, இவை சேதம். இதற்குப் பெயிண்டரிடம் அந்தச் சுவருக்கு மட்டும் மதிப்பீடு வாங்கி, அதை மட்டும் கழியுங்கள். ஒரு சுவர் கெட்டதற்கு மொத்த வீட்டுக்கும் புதுப் பெயிண்ட் காசு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் கடைசியில் நியாயமான தொகையும் கிடைக்காமல் நிற்பார்கள்.

திருச்சி: சேதம் செய்துவிட்டு வாடகையும் தராமல் இழுக்கிறார். அப்பா கோபத்தில் மோட்டார் ஸ்விட்சை அணைத்துப் பூட்டிவிட்டார். தப்பா?

தப்பு. இதைப் படித்ததும் போய் போட்டுவிடுங்கள். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் எதையும் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. இந்தச் சட்டப்படி வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வாடகை அதிகாரியிடம் அவர் மனு கொடுத்தால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். அதுவரை தப்பு அவர் பக்கம் மட்டும் இருந்தது, இப்போது உங்கள் பக்கமும் ஒன்று சேர்ந்துவிட்டது.

துபாய்: ஊரில் இருக்கும் வீட்டில் குடியிருப்பவர் கடைசி மாதங்களுக்கு வாடகை தராமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்கிறார். அலமாரிக் கதவுகளை உடைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கினேன்.

அட்வான்ஸ் வாடகையில் கரைந்துவிட்டால் சேதத்துக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அவருக்கும் இது தெரியும். அதனால், "அட்வான்ஸ் சேதத்துக்கான பிணை, வாடகைக்கு அல்ல; பாக்கியை இந்தத் தேதிக்குள் கட்டுங்கள்" என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்குத் தனிக் காரணம். அதையும் ஒரு வரி சேருங்கள்.

சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் செல்லும். பத்து மாதம் வாங்கும் சென்னைப் பழக்கம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை வைத்து எதையும் கழிக்காதீர்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து, முறைப்படி தகவல் சொல்லி, சாவி வாங்கும் நாளில் குடியிருப்பவர் முன்னாலேயே அறை அறையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாடகைதாரர், அம்பத்தூர்: எல்லாரும் வீட்டுக்காரர்களாகவே கேட்கிறீர்கள். எங்கள் ஹாலில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. "நீங்க ஃபேன் மாட்டினதால வந்தது" என்கிறார் ஓனர்.

ஃபேன் மாட்டினால் கம்பி துருப்பிடிக்காது. நாள்பட்ட ஈரம் உள்ளே இறங்கினால்தான் துரு வரும். துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். இது கட்டுமானப் பழுது, முழுக்க வீட்டுக்காரர் செலவு. முதலில் அந்த இடத்துக்குக் கீழே கட்டில், தொட்டில் எதுவும் இருந்தால் நகர்த்துங்கள். அப்புறம் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறவும் உரிமை உண்டு.

சேலம்: சேதம் செய்கிறார் என்பதை மட்டும் வைத்துக் காலி செய்யச் சொல்ல முடியுமா? ஒப்பந்தம் பதிவு செய்யவில்லை.

முடியும், ஆனால் ஒரே நாளில் இல்லை. வீட்டுக்குச் சேதம் வரும்படி பயன்படுத்துவதும் தவறான பயன்பாடு என்ற காரணத்துக்குள் வரும். "நிறுத்துங்கள்" என்று நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். நோட்டீஸ் இல்லாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். பழுதுத் தகராறு என்றால் வாடகை அதிகாரி, அவர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். காலி செய்ய வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றம்.

உங்களுக்குப் பெரிய ஓட்டை ஒப்பந்தம்தான். எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்காத ஒப்பந்தத்தைச் சாட்சியாகக் காட்டுவது கஷ்டம். இப்போதாவது எழுதிப் பதியலாம் என்று அவரை எழுத்தில் கூப்பிடுங்கள். மறுத்தால், ஒப்பந்தம் செய்ய மறுப்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகிவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: போலீஸில் புகார் கொடுக்கலாமா?

குழாய் உடைந்ததற்கெல்லாம் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். வேண்டுமென்றே கதவை உடைத்தார், வயரிங்கை அறுத்தார் என்று காட்ட முடிந்தால் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு இருக்கிறது. கைவசம் படம், சாட்சி, மதிப்பீடு மூன்றும் இருந்தால் மட்டும் போங்கள்.

தஞ்சாவூர்: அடுத்த மாதம் புதுக் குடித்தனம் வருகிறது. இந்தத் தலைவலி வராமல் இருக்க என்ன செய்வது?

சாவி கொடுக்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள். சும்மா சுவரைக் காட்டினால் போதாது. ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், ஃப்ளஷ் இழுங்கள், ஸ்விட்ச் போடுங்கள், ஈ.பி. மீட்டர் ரீடிங் தெரியட்டும், சிங்க்குக்கு அடியிலும் பரணிலும் விளக்கடித்துக் காட்டுங்கள். ஏற்கனவே இருக்கும் விரிசலையும் நீங்களே சொல்லி எடுங்கள், அதில் உங்கள் நாணயம் அவருக்குத் தெரியும். பட்டியலாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் அட்டவணையில் பேர் சொல்லாத பொருள்களுக்குத் தனியாக வரி போடுங்கள். முக்கியமாக போர்வெல் மோட்டார். காயில் எரிந்தால், கம்பியை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் யார் செலவு என்று எழுதாமல் விட்டால், தண்ணீர் இல்லாத நாளன்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே நிற்பீர்கள். ஒரே வீடு, ஒரே குடித்தனம் என்றால் பாதிப் பாதி. இரண்டு மூன்று வீடு ஒரே மோட்டாரில் ஓடினால் முழுதும் ஓனர். இப்படித்தான் நான் எழுதுகிறேன்.