வகுத்தால் வராத விடை

கேள்வி: சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கிலோமீட்டர். விமான வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வகுத்தால் 17 மணி நேரம். ஜனவரியில் தனியாகப் போகும் என் அம்மாவின் (வயது 71) டிக்கெட்டில் இரவு 11.35க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 5.30க்கு வருகை என்றிருக்கிறது. அது ஆறு மணி நேரம்தான்! டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரோ பத்தொன்பது மணி நேரம் என்று அடித்துச் சொல்கிறார். என்னை ஏமாற்றுகிறாரா?
- சிங்கப்பூர் வாசகர்

பதில்: இல்லை. அவர் சொன்னதுதான் சரி.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். ஜனவரியில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அம்மா கிளம்பும் இரவு 11.35க்கு அங்கே அன்று காலை 10.35. அதிலிருந்து மறுநாள் காலை 5.30 வரை விரல்விட்டு எண்ணுங்கள்: 18 மணி 55 நிமிடம்.

உங்கள் 17 மணி நேரக் கணக்கும் தவறு. 15,350 என்பது பூமி உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறைந்த தூரம். அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். உங்கள் அம்மாவின் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடலைத் தாண்டிப் போகும். தூரம் கூடினாலும் காற்று உதவும். ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் அந்தக் காற்றாற்றின் வலுவை அறிய ஓர் உதாரணம் போதும்: 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அதே தூரத்தைக் காற்றை எதிர்த்துக் கடக்க எட்டு மணி நேரம் ஆகலாம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியே கிழக்கு நோக்கியே வந்தால், உங்கள் அம்மா உலகை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார்!

அரசியலும் வழியை வளைக்கும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதால், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானங்களுக்குச் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தவிர, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் சேரும் ஊரில் போய் நிற்பது வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

கணக்கு முடிந்தது. இனி நீங்கள் கேட்காத ஒன்று. எழுபத்தொரு வயது அம்மா பத்தொன்பது மணி நேரம் இருக்கையில் அடைந்து கிடக்கப் போகிறார். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. நடைவழியோர இருக்கையை இப்போதே கேட்டு வாங்குங்கள். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார்ந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர் என்றால், பகலும் இரவும் தலைகீழாகும் இந்தப் பயணத்தில் எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியோடு போகவேண்டாம்.